கேள்வியும் கிண்டலும்

கேள்வி: சினிமாவில் அரசியலும் நீதி போதனையும் எதற்கு? கலைஞர்கள் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாதா?

பதில்: போகலாம். ஆனால் அந்தக் கதைக்குள்ளேயே அரசியல் டிக்கெட் வாங்காமல் ஏறி உட்கார்ந்திருக்குமே!

1939-ல் வந்த கே. சுப்ரமணியத்தின் 'தியாக பூமி'யைப் பாருங்கள். கல்கியின் கதை. கைவிட்டுப் போன கணவன், மனைவி பணக்காரி ஆனதும் சேர்ந்து வாழ வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிறான். அவளோ, 'வேண்டுமானால் உனக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன்' என்கிறாள். அந்தக் காலத்து ஆண்களுக்குக் கொட்டகையில் முறுக்கு தொண்டையில் சிக்கியிருக்கும். காங்கிரஸ் பிரசாரம் இருக்கிறதென்று வெள்ளைக்கார அரசாங்கம் படத்துக்கே தடை போட்டது. அதைவிட நல்ல விமர்சனம் எந்தப் பத்திரிகை எழுதும்?

பத்து வருஷம் கழித்து, 'நல்லதம்பி'யில் என்.எஸ். கிருஷ்ணன் மதுவிலக்கு பேசினார். அதிலேயே 'கிந்தனார்' காலட்சேபமும் நடத்தினார். சேரிப் பையன் படித்து முன்னேறுகிற கதை, நந்தனார் சரித்திரத்தின் பாணியில். ஜனங்கள் சிரித்துக்கொண்டே பாடம் படித்தார்கள்.

ஆக, கருத்து சொல்வது குற்றமில்லை. அதற்காகக் கதையை நிறுத்துவதுதான் குற்றம். இன்றைய சில நாயகர்கள் வில்லனை அடித்துப் போட்டுவிட்டு, கேமராவைப் பார்த்து விவசாயம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுகிறார்கள். கீழே கிடக்கும் வில்லன், எழுந்து ஓடினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று அப்படியே படுத்திருக்கிறார், பாவம். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. டீ குடிக்கப் போய்விடலாம்.