இதுல இன்னா இருந்துச்சு?

எங்கள் வீட்டுக்குப் புதுசாக வந்து இறங்கியது பெரும்பாலும் மண்சட்டி மட்டும்தான். மற்றதெல்லாம் ஏற்கெனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்த சாமான். சித்தப்பாவின் வலை ஒட்டுப்போட முடியாமல் கிழிந்தால் எங்கள் வீட்டுப் பாகல் பந்தலுக்கு வரும். கட்டுமரம் தண்ணீர் குடித்துக் கனத்துப்போனால் அதில் ஒரு மரம் வாசலில் உட்கார வரும். பதினைந்து கிலோ எண்ணெய் டின்னின் வாயை வெட்டி, குறுக்கே சவுக்குத் துண்டைச் செருகினால் ஊத்தில் தண்ணீர் மொள்ள வாளி தயார். எங்கள் ஊரான காட்டுப்பள்ளியின் மணலில் அப்போது இடுப்பளவு தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். புயல் மாசம் பிறந்தால் கூரைக் கீற்று பறக்காமலிருக்க அப்பா பழைய வலையை மேலே போர்த்தி, நாலு மூலையிலும் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்.

இதையெல்லாம் இப்போது பட்டணத்தில் வகுப்பு வைத்துச் சொல்லித்தருகிறார்கள். கட்டணம் உண்டு, சான்றிதழும் உண்டாம். அம்மாவுக்கு இந்த வித்தையில் பெருமை எதுவும் கிடையாது. துளசி வளர்ந்த டால்டா டப்பாவை, சொந்தக்காரர்கள் வரும் நாளில் எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பிவைப்பாள். ஓலைக் கூரை, மண் தரை, மூலையில் கிழிந்த வலை, இத்தனையும் கண்ணெதிரே இருக்க, டப்பாவின் எழுத்தை மட்டும் மறைத்தால் மானம் தப்பிவிடும் என்று அவள் எப்படிக் கணக்குப் போட்டாளோ!

ஊரில் கிடைக்காததற்குப் பட்டணத்து மூர் மார்க்கெட். மணலில் நடந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் தோணி ஏறி, ரயில் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். 1900-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பழைய புத்தகக் கடைகளைத்தான் எழுதுகிறார்கள். அப்பாவின் கண்ணில் அங்கே ஒரு புத்தகமும் பட்டதில்லை. கை ரம்பம், கீல், தாழ்ப்பாள், சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி, இவைதான் பட்டன. அப்பா பேரத்தைச் சொன்ன விலையில் பாதியிலிருந்து ஆரம்பிப்பார். கடைக்காரர் அப்பாவின் வம்சத்திலிருந்து ஆரம்பிப்பார். இரண்டு பேரும் களைத்துப்போகும் இடத்தில் வியாபாரம் முடியும்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. அத்திப்பட்டில் சென்ட்ரல் வண்டி ஏறினால் இன்றைக்கும் அது 'மூர் மார்க்கெட் வளாகம்' என்ற பெயருள்ள நிலையத்தில்தான் போய் நிற்கிறது. இப்போது தோணி தேவையில்லை, மணலில் நடக்கவேண்டாம், நேரே மூர் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். ரம்பம்தான் இல்லை.

பழசு வாங்குவதில் அப்பாவுக்கு ஒரே ஒரு கேள்விதான். "யாருது?" ரம்பம் தச்சருடையது என்றால் பல் தேய்ந்திருந்தாலும் வாங்குவார். அவர் ஒழுங்காக எண்ணெய் போட்டு வைத்திருப்பார் என்று நம்பிக்கை. குடிகாரரின் பொருள் என்றால் பளபளவென்று இருந்தாலும் வேண்டாம். கடலில் போனவரின் துடுப்பை யாரும் விலைக்குக் கேட்கமாட்டார்கள். இலவசமாகவும் அது கை மாறாது. பொருளோடு அதை வைத்திருந்த ஆளும் வீட்டுக்குள் வருகிறார் என்பது ஊரின் கணக்கு. பாட்டில் மூடியிலிருந்து ஓட்டைக் குடம்வரை பேரீச்சம்பழத்துக்குப் போட்ட அம்மா, யார் உடுத்தியது என்று தெரியாத துணியைக் கையால் தொட்டதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழந்துணி வந்து, சீந்துவாரில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தது. ஏழைக்கு இவ்வளவு ரோஷமா என்று கேட்டவர்களும் உண்டு. ரோஷமோ என்னவோ, அந்தச் சட்டைகளில் எதற்கும் "யாருது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

பிறகு முன்னேற்றம் வந்தது. வரிசையில் நின்று வந்தது. அனல்மின் நிலையம் முதலில், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கப்பல் கட்டும் தளம், 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம். குப்பம் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொன்னார்கள், நகர்ந்துகொண்டது. ஊத்து நகரவில்லை. எங்கள் கரையில் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் தயாரித்துக் குழாய் வழியே வடசென்னைக்கு அனுப்பத்தான் அந்த ஆலையைக் கட்டினார்கள். அதே கரையில் நான் ஆறு கத்தரிச் செடிக்கு மழைத்தண்ணீர் பிடித்துவைக்கப் பழைய டிரம் தேடி அலைகிறேன்.

டிரம்முக்குப் பஞ்சமே இல்லை. மீஞ்சூர், மணலி, சாத்தங்காடு என்று எந்தச் சாலையில் போனாலும் கண்டெய்னர் யார்டுகளுக்கு நடுவே காயலான் கடை. நீல நிறத்தில் 200 லிட்டர் டிரம், இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் 1,000 லிட்டர் வெள்ளை டேங்க், பைன் மரப் பாலெட், கப்பல் கயிறு, கிழிந்த தார்ப்பாய். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் சரக்கு வந்து இறங்குகிறது. சரக்கு பட்டணத்துக்குப் போகிறது, சட்டை எங்களுக்கு மிஞ்சுகிறது.

அப்பாவின் கேள்வி இங்கே செல்லாது. யாருடையது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? நான் வேறு கேள்வி கற்றுக்கொண்டேன்.

"தம்பி, இதுல இன்னா இருந்துச்சு?"

"சோப்பு ஆயில்தாண்ணே."

"பக்கத்துல இருக்கறதுல?"

"அதுவும் சோப்பு ஆயில்தான்."

நான் விசாரித்தவரை இந்த உலகத்தில் எந்த நீல டிரம்மிலும் சோப்பு ஆயிலைத் தவிர வேறொன்றும் ஊற்றியதாகத் தகவல் இல்லை. ஒரு டிரம்மைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று அச்சு. கெட்டி பிளாஸ்டிக், நல்லதுதான். இடுப்பில் பாதி கிழித்த லேபிள். பெயர் இருந்த பாதி போய்விட்டது. மிச்சமிருந்தது சிவப்புக் கோட்டில் ஒரு சாய்சதுரம். அதற்குள் இலையில்லாத மரம் ஒன்று, பக்கத்தில் வயிறு மேலே தெரியக் கிடக்கும் மீன் ஒன்று. நீர்நிலையில் கொட்டினால் உயிர்கள் சாகும் என்று அர்த்தம், உலகம் முழுக்க அதே படம்தான். ஜெனீவாவில் தீர்மானித்த படமாம். வரைந்தவர் எங்கள் கொசஸ்தலை ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்ததுபோல இருந்தது.

"அது சும்மா ஸ்டிக்கர்ணே. தேய்ச்சா போயிடும்" என்றான் தம்பி.

பாலெட் பரவாயில்லை, அது பொய் சொல்லாது. வெளிநாட்டுச் சரக்கோடு வரும் மரத்தில் கோதுமைக் கதிர் முத்திரையும் நாட்டின் குறியெழுத்தும் சுட்டிருக்கும். அதன் கீழே 'எச்.டி.' என்றிருந்தால் மரத்தின் நடுவரைக்கும் 56 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் வாட்டிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள், கோழிக்கூண்டு அடிக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற விஷப்புகை போட்டது, தொடாமல் வந்துவிடவேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வேதியியல் படிக்காத குறையைக் காயலான் கடை தீர்த்துவைத்துவிட்டது. அப்பா வாங்கிய ரம்பத்தில் இருந்த அதிகபட்ச ஆபத்து, பல்.

வாளி மட்டும் பழசு வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு எதிரே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. வல்லரசாகப்போகிற தேசம் அதை அள்ளியது பிளாஸ்டிக் வாளியில், ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி. அதற்குப்பின் பெயிண்ட் வாளி எதைப் பார்த்தாலும் கை தானாக மூக்குக்குப் போகிறது.

முன்பு நாங்கள் பட்டணத்துப் பழசைத் தேடிப் போனோம். இப்போது பட்டணம் எங்கள் பழசைத் தேடி வருகிறது. வாசலில் கிடந்த கட்டுமரத் துண்டுக்கு, ஓட்டல் ஒன்றில் மேசையாகப் போடவேண்டுமென்று ஒருவர் கேட்டுவந்தார். எத்தனை வருஷம் கடலில் கிடந்தது, யார் ஓட்டினார்கள் என்றெல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டார். கதையோடு இருந்தால் விலை கூடுமாம். சித்தப்பாவைப் பற்றி நான் சொன்னதில் கொஞ்சம் சேர்த்துத்தான் சொன்னேன். சித்தப்பா இருந்திருந்தால் இன்னும் கூட்டியிருப்பார்.

போன மாசம் இன்னொருவர், காரில், மனைவியோடு. கொல்லையில் பாசி பிடித்துக் கிடந்த அம்மாவின் அம்மி அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. கடையில் வாங்குவது கைக்கு வழவழவென்று இருக்கிறது, இதில்தான் அந்தப் பழைய கை தெரிகிறது என்றார். கேட்காமலே மூவாயிரம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மிக்கு மூவாயிரம் சரிதாம்மா. குழவிக்கு எவ்ளோ தர்றீங்க?"