பவுலர் தொப்பி வாங்கிவந்த பேரனுக்கு

வாடா பேராண்டி. தலையில என்னடா அது, பவுலர் தொப்பியா? நல்லாத்தான் இருக்கு. 'கனவான் தொப்பி'ன்னு சொல்லிக் கடைக்காரன் உன் தலையில கட்டிட்டானாக்கும். எந்தக் கனவானுக்குச் செஞ்சதுன்னு கேட்டியா?

இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் ஹோல்க்கம்னு ஒரு பெரிய பண்ணை. அதுல வேட்டைக்காட்டுக் காவக்காரனுக குதிரையில போனா, தாழ்ந்த கிளையெல்லாம் அவனுக உசரத் தொப்பியைத் தட்டித் தட்டிவிடும். பண்ணை வீட்டுப் பிள்ளை எட்வர்ட் கோக் 1849-ல லண்டன்ல லாக்குங்கிற தொப்பிக் கடைக்குப் போயி, மண்டையோட ஒட்டி நிக்கிற மாதிரி கெட்டித் தொப்பி ஒண்ணு வேணும்னாரு. தாமஸ் பவுலரும் வில்லியம் பவுலரும் செஞ்சு கொடுத்தாக. ரோமத்தை அமுக்கித் தகடாக்கி, அரக்கு ஊட்டி இறுக்குன தொப்பி. வாங்க வந்த மனுசன் தரையில போட்டு ரெண்டு மிதி மிதிச்சாராம். நசுங்கலைன்னதும் 12 ஷில்லிங்கை எண்ணி வச்சாராம். கனவானுக்கு இல்லடா, காவக்காரனுக்கு! நீ மிதிச்சுப் பாத்தா வாங்குனே? இப்ப மிதிக்காதே, காசு போன துக்கமே போதும்.

அப்புறம் லண்டன் வங்கிக்காரனுக அதை எடுத்துப் போட்டுக்கிட்டானுக. கிளையே இல்லாத தெருவுல யாருக்குப் பயந்தானுகளோ! 1914-ல சினிமாவுல சார்லி சாப்ளின் அதையே சின்னதா ஒண்ணு போட்டு, தொளதொளன்னு கால்சட்டை மாட்டி வந்து நின்னாரு. கனவான் பவிசு கந்தலாச்சு. பொலிவியாவுல ஐமாரா பொம்பளைக ரெட்டைப் பின்னலுக்கு மேல இதை வச்சுத்தான் சந்தைக்குப் போறாக. உன் அப்பத்தா காதுல போட்டுறாதே, நாளைக்கே பறிச்சுக்குவா.

இன்னொண்ணு கேளு. அமெரிக்காவுல புட்ச் காசிடின்னு ரயில் கொள்ளைக்காரன். 1900-ல கூட்டாளிகளோட ஃபோர்ட் வொர்த் ஊருல கோட்டு மாட்டி, இந்தத் தொப்பியைச் சாய்ச்சுப் போட்டு, ஸ்டுடியோவுல ஜோரா ஒரு படம் எடுத்துக்கிட்டான். படம் எடுத்தவன் அதைக் கடை வாசல்ல மாட்டிவச்சான். துப்பறியிற ஆளுக கண்ணுல பட்டுச்சு. அந்த மூஞ்சிகளே தேடுதல் நோட்டீசு ஆயிருச்சு.

நீயும் காலையில இருந்து விதவிதமாப் படம் போடுறியாமே? மளிகைக்கடை அண்ணாச்சியும் இப்ப போன் வச்சிருக்காருடா. மொதல்ல பாக்கியைக் கட்டிட்டு வா.