ஷேக்ஸ்பியர் பட்ட கடன்

ரோமியோ ஜூலியட் நாடகத்தில் ஒரு பெரிய குறை இருப்பதை நானூறு ஆண்டுகளாக யாரும் துணிந்து சொல்லவில்லை. கடைசியில் இருவருமே செத்துப்போகிறார்கள். இரண்டு பிணங்களை வைத்துக்கொண்டு இரண்டாம் பாகம் எழுதுவது எப்படி? நாடகக் கம்பெனியில் பங்குதாரராகவே இருந்த மனிதர், வியாபாரத்தில் இப்படிக் கோட்டை விட்டிருக்கிறார். அதைச் சரிசெய்ய அமெரிக்காவிலிருந்து ஸ்டெஃபனி மேயர் அம்மையார் வரவேண்டியிருந்தது.

அம்மையார் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றவர். படித்ததில் எதையும் வீணாக்கவில்லை. 2005-இல் வந்த ‘ட்வைலைட்’ நாவலுக்கு ஜேன் ஆஸ்டின் உதவினார். 2006-இல் அதன் தொடர்ச்சியாக வந்த ‘நியூ மூன்’ நாவலுக்கு ஷேக்ஸ்பியர். 2007-இல் மூன்றாம் பாகத்துக்கு எமிலி பிராண்டி. 2008-இல் நான்காம் பாகத்துக்கு மறுபடியும் ஷேக்ஸ்பியர். நான்கே ஆண்டுகளில் ஆங்கில இலக்கியத்தின் முக்கியமான மூவருக்கு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார். இதை அவர் மறைத்ததும் இல்லை.

நாயகன் எட்வர்ட் 1901-இல் பிறந்தவன். 1918-இல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது ரத்தக்காட்டேரி ஆக்கப்பட்டவன். நூறு வயது தாண்டியும் கல்வியில் ஆர்வம் குறையாமல், வாஷிங்டன் மாநிலத்து ஃபோர்க்ஸ் என்ற மழை ஊரில் பள்ளிக்கூடம் போகிறான். அவன் குடும்பத்தார் மிருக ரத்தம் மட்டுமே குடிப்பதால் தங்களைச் சைவம் என்று சொல்லிக்கொள்வார்கள். (நம் ஊர்ச் சைவர்கள் இதைக் கொஞ்சம் பெருந்தன்மையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.) பழைய கதைகளில் காட்டேரி பட்ட பாடு கொஞ்சமா? பூண்டு ஆகாது, சிலுவை ஆகாது, படுக்கையோ சவப்பெட்டி. அம்மையார் இத்தனையையும் கருணையோடு நீக்கிவிட்டார். இவர்கள் மேல் வெயில் பட்டால் வைரம்போல் ஜொலிப்பார்கள். அழகு உண்டு, பணம் உண்டு, வேகமான கார் உண்டு, முதுமை கிடையாது. சாபம் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

‘நியூ மூன்’ தொடங்கியதுமே, அவள் நன்மைக்காகத்தான் என்று நினைத்து எட்வர்ட் தன் காதலி பெல்லாவை விட்டுப் போய்விடுகிறான். அந்தப் பிரிவுத் துயரை எழுதிய விதத்துக்காகவே அம்மையாருக்குத் தனியாக ஒரு விருது தரலாம். ஒரு பக்கத்தில் ‘அக்டோபர்’ என்று மட்டும் இருக்கும். அடுத்து நவம்பர், டிசம்பர், ஜனவரி. வேறு ஒரு சொல் இல்லை. நம் சங்கப் புலவர்கள் பாலைத்திணை என்று ஒன்றை வைத்துக்கொண்டு, காய்ந்த மரம், வழிப்பறிக் கள்வர், தாகத்தில் தவிக்கும் யானை என்று எவ்வளவு சிரமப்பட்டார்கள்! ஒரு நாள்காட்டி போதும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

தகவல் மாறிப்போகும் இடத்தில்தான் அம்மையாரின் கை தேர்ந்த கை என்பது தெரியும். ஷேக்ஸ்பியர் அந்த ஒரு தவறுக்காக ஓர் ஊரையே நோய்க்குள் தள்ளினார். ஜூலியட் சாகவில்லை என்ற கடிதத்தைக் கொண்டுபோன பாதிரியாரை, கொள்ளைநோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை. இளம் காதலர்களின் உயிர், அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பூட்டிய கதவில் தொங்குகிறது. அம்மையாருக்கு ஒரு தொலைபேசி போதுமானதாக இருந்தது. பெல்லா பாறையிலிருந்து கடலில் குதித்ததைக் கேள்விப்பட்ட எட்வர்ட், குரலை மாற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கு அழைக்கிறான். எடுத்தவன் அவளை விரும்பும் ஜேக்கப். பெல்லாவின் அப்பா வேறு யாருடைய சாவுக்கோ போயிருக்கிறார். அவர் இழவுக்குப் போயிருக்கிறார் என்று ஜேக்கப் சொல்ல, இறந்தது பெல்லாதான் என்று எட்வர்ட் முடிவு கட்டிவிடுகிறான். யாருக்கு இழவு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நாம் நினைப்போம். நூறு வருட அனுபவம் உள்ளவர்கள் அப்படியெல்லாம் கேட்கமாட்டார்கள்.

உடனே அவன் இத்தாலியின் வொல்டெர்ரா நகருக்குப் போய், காட்டேரிகளின் அரசவையிடம் தன்னைக் கொல்லச் சொல்கிறான். அவர்கள் மறுத்ததும், நட்டநடு வெயிலில் ஊரார் முன் நின்று ஜொலித்து, சட்டத்தை மீறியாவது சாகத் துணிகிறான். ரோமியோவுக்கு இவ்வளவு கற்பனை இல்லை. ஏழை மருந்துக்காரனிடம் விஷம் வாங்கிக் குடித்தான், கதை முடிந்தது. இங்கே பெல்லா விமானம் ஏறி, திருட்டு மஞ்சள் போர்ஷே காரில் பறந்து, திருவிழாக் கூட்டத்தைப் பிளந்து ஓடி, மணி பன்னிரண்டு அடிக்கும்போது அவனைப் பிடித்துவிடுகிறாள். அரசவையும் ஒரு நிபந்தனை போட்டு அனுப்பிவிடுகிறது. ஷேக்ஸ்பியரில் கல்லறை, இரண்டு பிணங்கள், பகையை விட்டுத் தலைகுனிந்து நிற்கும் இரண்டு தகப்பன்மார். இங்கே ஒரே ஒரு தகப்பன். சொல்லாமல் ஊரைவிட்டுப் போனதற்காக மகளை வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்கிறார். துன்பியலின் உச்சம் இதற்கு மேல் இல்லை.

ஷேக்ஸ்பியரும் கடன் வாங்கியவர்தானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 1562-இல் ஆர்தர் புரூக் எழுதிய நீண்ட கவிதையில் பல மாதம் நடந்த கதையை அவர் நான்கைந்து நாளுக்குள் நெருக்கினார். யோசிக்கவோ விசாரிக்கவோ நேரமில்லாமல் அவர்கள் செத்தது அதனால்தான். அம்மையார் அந்த நாட்களை மறுபடியும் மாதங்களாக நீட்டி, எல்லாருக்கும் யோசிக்கத் தாராளமாக நேரம் கொடுத்தார். அவர்கள் யோசிக்கவில்லை என்பது அவர் குற்றமல்ல.

முக்கோணக் காதலை முடிக்கத் தெரியாமல் பெரிய பெரிய ஆசிரியர்கள் திணறியிருக்கிறார்கள். ஜூலியட்டை மணக்க வந்த பாரிஸை ஷேக்ஸ்பியர் வாளுக்கு இரையாக்கினார். பாரிஸின் இடத்தில் நிற்கும் ஓநாய் மனிதன் ஜேக்கப்புக்கு அம்மையார் அப்படி அநியாயம் செய்வாரா? நான்காம் பாகத்தில் அவனை, பெல்லாவுக்கு அப்போதுதான் பிறந்த பெண் குழந்தையோடு ஆயுளுக்கும் பிணைத்துவிட்டார். யாருக்கும் நஷ்டமில்லை. அதே பாகத்தின் இறுதியில் இரண்டு பெரும் படைகள் பனி மைதானத்தில் எதிரெதிரே நின்று, பேசி, கலைந்துபோகின்றன. சொட்டு ரத்தம் சிந்தாத போர்க்களத்தை, அதுவும் காட்டேரிகளை வைத்தே காட்டியவர் அவர்.

கதை தீர்ந்தாலும் அவர் கை ஓயவில்லை. 2015-இல் முதல் பாகத்தையே ஆண்களைப் பெண்களாகவும் பெண்களை ஆண்களாகவும் மாற்றி எழுதினார். 2020-இல் அதே கதையை எட்வர்ட் வாயால் மறுபடி சொன்னார். பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஒரு வரிசைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

எமிலி பிராண்டிக்கு நடந்த நல்லதைச் சொல்லாமல் விட முடியாது. 2009-இல் ஒரு பதிப்பகம் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலுக்குக் கறுப்பு அட்டை போட்டு, இது பெல்லாவுக்கும் எட்வர்டுக்கும் பிடித்த புத்தகம் என்று அதன்மேல் அச்சிட்டது. 1847-இல் வேறு பெயரில் வெளியிட்டு, மறு ஆண்டே முப்பது வயதில் இறந்த எமிலிக்கு, இப்படி இரண்டு பேர் பரிந்துரைக்க இத்தனை காலம் ஆயிற்று. அவருக்கு ஆரம்பத்திலேயே நல்ல யோகம் இருந்தது. அந்த நாவலில் இறந்துபோன நாயகி கேத்தி ஜன்னல் வழியே கையை நீட்டி உள்ளே விடச்சொல்கிறாள். பேய், காதல், பனி எல்லாமே கையில் தயார். ஆனால் அந்தப் பெண்மணி நாயகியைக் கதையின் நடுவிலேயே கொன்றார், நாயகனைக் கடைசியில் கொன்றார், நாவலையும் ஒரே பாகத்தில் முடித்துவிட்டார்.