இரும்புக்கையில் ஒரு மளிகைப் பை

நான் தடித்த நாவல் ஒன்றை மடியில் விரித்து வைத்திருந்தால், வீட்டுக்கு வருகிறவர்களிடம் "படிச்சிக்கிட்டிருக்காங்க" என்று சொல்லப்படும். அதே மடியில் காமிக்ஸ் இருந்தால், "சும்மாதான் உக்காந்திருக்காங்க" என்று சொல்லப்படும். சும்மா இருப்பவன் ரேஷன் கடைக்குப் போகலாம், மாவு மில்லில் நிற்கலாம், ஒட்டடை அடிக்கலாம். சட்டம் இயற்றியவர் என் மனைவி. பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கட்டினால் பெருமாளைத்தான் கட்டுவேன் என்று நின்று ஜெயித்தவளின் ஊர்க்காரி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ராஜபாளையத்தில் பிறந்தவன் அவளிடம் என்ன வாதாட முடியும்?

ஆகவே கொஞ்ச காலமாகப் பூமணியின் 'அஞ்ஞாடி'யிடம் அடைக்கலமாக இருந்தேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல். 2014இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும், ஆனால் அந்த வலிக்கு வீட்டில் மரியாதை உண்டு. ஆண்டி, மாரி என்ற இரண்டு சேக்காளிகளில் தொடங்கி, கழுகுமலை, சிவகாசி என்று நம்ம பக்கத்துக் கரிசல் முழுக்க எரிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் கதை விரிகிறது. 1899 கலவரத்தில் பற்றி எரிந்த அதே சிவகாசிதான் 1972இல் முத்து காமிக்ஸை அச்சடித்து, எங்கள் தலைமுறைப் பையன்களைக் கெடுத்தது. இந்தச் சரித்திரத் தொடர்ச்சியை விளக்கினேன். "அப்ப அதுவும் இதுவும் ஒண்ணுதானா?" என்றாள். அன்றிலிருந்து அஞ்ஞாடி படித்தாலும் சும்மா இருப்பதாகவே கணக்கு.

என் சிக்கலே இதுதான். படித்ததைச் சோற்றில் கை வைக்கும்போது சொல்லாமல் இருக்க முடியாது. எதைச் சொன்னாலும் அது எனக்கு எதிரான சாட்சியாகப் பதிவாகிவிடுகிறது.

'வெக்கை' சொன்னேன். பூமணியின் நாவல்களில் எனக்கு ஒரு படி மேலே அதுதான். 1982இல் வந்தது. 'அசுரன்' படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும், ஆனால் படத்தில் இல்லாத நிதானம் புத்தகத்தில் இருக்கிறது. அண்ணனைக் கொன்றவனைப் பதினைந்து வயதுப் பையன் வெட்டிவிட்டு ஓடுகிறான். அவனும் அய்யாவும் மலையிலும் காட்டிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் மொத்தக் கதையும். வெட்டு முதல் பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் எங்கே படுப்பது, எதைப் பொங்குவது, எந்த உறவு வீட்டுக்குச் செய்தி அனுப்புவது என்பதுதான். சாகசக் கதைக்குள் இப்படிக் குடித்தனத்தைக் கொண்டுவந்து வைத்த ஆள் நம் மொழியில் வேறு யார் என்று உருகிக்கொண்டிருந்தேன்.

"யாரு பொங்குறது?"

"ரெண்டு பேருந்தான். அய்யாவும் மகனும்."

"கொலைக் கேசுல ஓடுறப்பகூட அந்த மனுசன் உலை வைக்கிறாரு" என்று சொல்லிவிட்டு ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. விமர்சகர்கள் அவளிடம் சுருக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

சரி, சமையலே தெரியாத நாயகர்கள் பக்கம் போவோம் என்று டெக்ஸ் வில்லரை எடுத்தேன். 1948இல் இத்தாலிக்காரர்கள் பொனெல்லியும் கல்லெப்பினியும் உண்டாக்கிய ரேஞ்சர். நவஹோக்களுக்கு இரவுக் கழுகார். தமிழ் பேசுவது சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாக. அவரும் நரைத்த தலை கார்சனும் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்பது விரல் கனத்துக்கு வறுத்த கறியும் குன்று போல உருளைக்கிழங்கு வறுவலும். அதைக் கொண்டுவருகிறவர் யார், தட்டைக் கழுவுகிறவர் யார் என்று எந்தச் சித்திரத்திலும் இல்லை. இதனால்தான் இத்தனை வருஷமாக டெக்ஸ் எனக்கு அலுக்கவில்லை என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பூகோளப் புத்தகத்துக்குள் காமிக்ஸை ஒளித்தோம். இன்று வருகிற தொகுப்புகளின் அகலத்துக்குக் காமிக்ஸுக்குள்தான் நாவலை ஒளிக்க வேண்டும். விலையையும் சேர்த்து ஒளிக்க வேண்டியிருக்கிறது. பில்லைக் கிழித்துப் போடும் வேலையில் மட்டும் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை.

லக்கி லூக் விஷயத்தில் வாயைக் கட்டியிருக்கலாம். பெல்ஜியத்து மோரிஸ் 1946இல் வரைந்த கௌபாய். வாயில் சிகரெட்டோடு திரிந்தவன், 1983இல் அதை விட்டுவிட்டுப் புல்லைக் கடிக்க ஆரம்பித்தான். அதற்காக உலக சுகாதார நிறுவனம் மோரிஸைப் பாராட்டியது. சுவாரஸ்யமான தகவலாயிற்றே என்று சொல்லிவைத்தேன். மறுநாள், படிக்கும்போது நான் கொறிக்கும் சாத்தூர் காராச்சேவு இருந்த கிண்ணத்தில் வெள்ளரிக்காய்த் துண்டுகள் இருந்தன. "முப்பத்தேழு வருசம் ஊதினவரே மாறிட்டாரு."

அந்தக் கதைகளில் ரின்டின் கேன் என்றொரு நாய் உண்டு, திருடனுக்கும் காவலனுக்கும் வித்தியாசம் தெரியாதது. நான் அதைப் படித்துச் சிரிக்கும்போது எங்கள் நாய் என் காலடியில் படுத்திருக்கும். அசல் ராஜபாளையம், வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை போட்ட குலம். கூரியர்காரரைக் கண்டால் வாலாட்டும், என்னைக் கண்டால் உறுமும்.

இரும்புக்கை மாயாவியிடம்தான் நான் ஏமாந்ததே இல்லை என்று நம்பியிருந்தேன். கரண்டைத் தொட்டால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இந்த வரம் கிடைச்சா எப்படி இருக்கும்!" என்று பெருமூச்சு விட்டேன். "கைதான் தெரியுமே, பையை மாட்டிவிட அது போதும்" என்று மளிகைப் பையை நீட்டினாள்.

கடைசி முயற்சியாக அவள் ஊர்க் கதைக்கே போனேன். 'ஆமுக்தமால்யதா', ஆண்டாளையும் பெரியாழ்வாரையும் வைத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய காவியம். தமிழாக்கியவர் எங்கள் ராஜபாளையத்து மு. கு. ஜகந்நாத ராஜா. சாகித்திய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. உங்க ஊர்ப் பெண்ணைப் பாட விஜயநகரத்திலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது, தமிழுக்குக் கொண்டுவர எங்க ஊர் ஆள் வரவேண்டியிருந்தது என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ராயரு ராஜ்ஜியத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் எழுதினாரு?"

ஆமாம், கலிங்கப் போரெல்லாம்கூட.

"கேஸ் புக் பண்ணிட்டீங்களா?"

போன ஆடிப்பூரத் தேருக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். மாமா என்னைவிடப் பழைய காமிக்ஸ் ஆள். கூட்டம் கலைந்த பிறகு இருவரும் ஆளுக்கொரு டெக்ஸோடு திண்ணையில் உட்கார்ந்தோம். அத்தை வந்து மாமாவின் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நாலு பக்கம் புரட்டினார். கார்சன் படத்தில் விரலை வைத்தார்.

"இந்த நரைச்ச மனுசனை வீட்டுல தேட மாட்டாங்களா மாப்பிள?"

"அவருக்கு வீடு வாசல் எதுவும் கிடையாது அத்தை."

"உங்க மாமாவுக்கு இருக்கு" என்று புத்தகத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மாமாவின் கையில் பால் தூக்கைக் கொடுத்தார். என் கையில் இன்னொன்று.