வானத்தில் ஒரு கற்பூர ஆரத்தி

அலாஸ்காவில் பல ஊர்களுக்கு ரோடே கிடையாது. குட்டி விமானம்தான் டவுன் பஸ். வழியில் செல்போன் டவரும் கிடையாது. அந்தக் குறை தீர, 2024-இல் ஐபோனுக்குச் செயற்கைக்கோள் வழி மெசேஜ் வந்தது.

செஸ்னா 172-இல் ஏறிப் பாருங்கள். தலைக்கு மேலே கூரை போட்டாற்போல் இறக்கை. போனோ, வானம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. சரியென்று ஜன்னலோரம் நீட்டினால், இடப்பக்கம் திரும்பச் சொல்கிறது திரை. திரும்ப வேண்டியது போனா, விமானமா? செயற்கைக்கோள் மணிக்குச் சுமார் 24,000 கிலோமீட்டரில் பறக்கிறது. நம்ம பைலட் 220-இல் துரத்துகிறார். ஒரு கை விமானத்தை ஓட்ட, மறு கை சாமிக்குக் கற்பூரம் காட்டுவதுபோல் போனைச் சுற்றுகிறது. இத்தனை பாடுபட்டு அனுப்புகிற சேதி: ‘வந்துகொண்டே இருக்கிறேன், சூப்பைச் சூடு பண்ணி வை.’ பெரும்பாலும் சேதிக்கு முன்னால் ஆள் வீட்டு வாசலில் நிற்பார்.

இதில் ஒரு கூத்து. 62 பாகை அட்சரேகைக்கு வடக்கே இந்த வசதி வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்லி வைத்திருக்கிறது. அலாஸ்காவில் பெரும்பகுதி அதற்கும் வடக்கேதான்.