வெட்டுப்பட்ட வயரும் வாரண்டியும்: ஒரு தத்துவ விசாரணை

புதுக் கார் ஷோரூமிலிருந்து கோயிலுக்குப் போகிறது. கோயிலிலிருந்து நேரே ஆக்சஸரீஸ் கடைக்குப் போகிறது. சென்னையென்றால் அது பெரும்பாலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. முதல் நிறுத்தத்தில் சக்கரத்துக்கு அடியில் நசுங்கும் எலுமிச்சம்பழத்தால் வாரண்டிக்குப் பங்கமில்லை என்பதை இங்கேயே நிறுவிவிடலாம். பழம் மோதுவது டயரோடு. டயருக்கு வாரண்டி தருவதோ டயர் கம்பெனி, கார் கம்பெனி அல்ல. ஆய்வுக்குரியது இரண்டாவது நிறுத்தமே.

முதலில் மூல நூல். டேஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், பார்க்கிங் ரசீதுகளுக்கு அடியில் கிடக்கும் வாரண்டிப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தார். இந்தச் சுவடி காருக்கு ஒன்று வீதம் இருந்தும் படிப்பாரில்லை. மாற்றத்தால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது என்பதே பொதுவாக இதில் காணப்படும் விதி. மாற்றம் செய்தால் காருக்கே வாரண்டி கிடையாது என்பது அதற்கு மக்கள் வழங்கும் உரை. மூலத்தை விட்டு உரையைப் பிடித்துக்கொள்ளும் நம் நெடுநாள் வழக்கம் இங்கேயும் தொடர்கிறது.

உரைகாரர்கள் இரு மதத்தினர். ஆக்சஸரீஸ் கடைக்காரர் துவைதி. ஹார்ன் வேறு, ஹெட்லைட் வேறு, இன்ஜின் வேறு. ஒன்றுக்கொன்று யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது அவர் சித்தாந்தம். “அதுக்கும் இதுக்கும் என்னண்ணே இருக்கு? ஒண்ணும் ஆகாது, தைரியமா எடுத்துட்டுப் போங்க” என்பது அவருடைய மகாவாக்கியம். சர்வீஸ் சென்டரின் அட்வைசரோ பரம அத்வைதி. காரில் உள்ளது ஒரே மின்சாரம், பேதமெல்லாம் மாயை. பின்பக்கக் கேமராவுக்காக வயரைத் தொட்டவன் ஏசி கம்ப்ரசரையும் தொட்டவனே ஆவான்.

இந்த அத்வைதம் வெளிப்படும் தருணம் சடங்குபோல ஒரே மாதிரி நடக்கும். பவர் விண்டோ வேலை செய்யவில்லை என்று வண்டி வருகிறது. அட்வைசர் பானெட்டைத் திறக்கிறார். விண்டோவைப் பார்ப்பதில்லை, பேட்டரியின் முனையைப் பார்க்கிறார். கம்பெனி போட்ட நெளிகுழாய்க்கு வெளியே, எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் ஒரு சிவப்பு வயர். அதன் நடுவில் கறுப்பு இன்சுலேஷன் டேப். வெயிலில் பசை இளகி, ஓரம் சுருண்டு, தூசி படிந்திருக்கிறது. “சார், வெளில ஏதாவது ஃபிட்டிங் பண்ணீங்களா?” என்கிறார். “இல்லையே, ஹார்ன் மட்டும்தான்” என்கிறார் உரிமையாளர். ‘இல்லையே’ என்பதும் ‘மட்டும்தான்’ என்பதும் ஒரே மூச்சில் வருவதைக் கவனிக்க வேண்டும். போன் கேமரா வெளியே வருகிறது. வழக்கு அங்கேயே முடிந்தது.

அட்வைசர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஹாலஜன் ஹெட்லைட்டை எடுத்துக்கொள்வோம். பல கார்களில் வருவது 60/55 வாட் பல்பு. 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். ராத்திரியில் எதிரே வருபவரைக் குருடாக்கும் வேட்கையில் 100/90 பல்பைப் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் போகும். வயர் அதே வயர், சுவிட்ச் அதே சுவிட்ச். பேட்டரியிலிருந்து தனி லைன் இழுத்து, ரிலேயும் ஃபியூஸும் வைத்தால் பாரம் சுவிட்சின் மேல் விழாது. அதற்குக் கூடுதல் காசு கேட்டால் “அதெல்லாம் வேண்டாம்” என்கிறோம். பிறகு பல்பு ஹோல்டர் பழுப்பேறி உருகுகிறது, ரிஃப்ளெக்டர் மங்குகிறது. அந்த ஹெட்லைட்டுக்கு வாரண்டி மறுக்கப்பட்டால் அது சரியான தீர்ப்பு. அதே பல்பைக் காட்டி, கசியும் ஷாக் அப்சார்பருக்கு வாரண்டி மறுத்தால் அது வேதாந்தம்.

வயரை வெட்டாமல், கம்பெனி கப்ளரிலேயே செருகும் முறை ஒன்று உண்டு. இதில் சாட்சியம் குறைவு; ஆபத்தும் குறைவு. ஆனால் நம் ஆய்வில் பெரிதும் குழப்பியது வேறொன்று. அத்வைதியின் அதே கட்டடத்தில், அவர் மேஜையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ‘ஜெனுவின் ஆக்சஸரீஸ்’ என்று ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அங்கேயும் கேமரா, ஹார்ன், சீட் கவர் எல்லாம் உண்டு. விலை மட்டும் கண்ணில் நீர் வரவழைக்கும். அங்கே வாங்கினால் ஹார்ன் வேறு, இன்ஜின் வேறு ஆகிவிடுகிறது. பில் கைக்கு வந்ததும் துவைதம் சித்திக்கிறது.

டயர் பற்றி ஓர் இடைச்செருகல். ஸ்விஃப்ட் காரின் கீழ் வேரியண்ட்டில் 165/80 ஆர்14, மேல் வேரியண்ட்டில் 185/65 ஆர்15 வருகிறது. ரிம் வேறானாலும் சக்கரத்தின் மொத்த விட்டத்தில் வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர்தான். கம்பெனி கணக்குப் பார்த்தே போட்டிருக்கிறது. அதில் ஆசைப்பட்டு 195/65 ஆர்15 மாட்டினால் விட்டம் சுமார் 2 சதவீதம் கூடும். மீட்டர் குறைத்துக் காட்டும். 1,00,000 கிலோமீட்டர் வாரண்டி உள்ள வண்டி, மீட்டர் லட்சத்தைத் தொடும்போது உண்மையில் 2,100 கிலோமீட்டர் போல அதிகம் ஓடியிருக்கும். வாரண்டியை நீட்டிக்க வல்ல ஒரே மாற்றம் இதுவே. வீல் பேரிங் சத்தம் போட்டு, அட்வைசர் குனிந்து டயர் சைஸைப் படிக்கும்வரை இந்தக் கண்டுபிடிப்பு செல்லும்.

மற்றவற்றில் தத்துவத்துக்கே இடமில்லை. இன்ஜினை ஆளும் கணினியான ஈசியுவைத் திறந்து ரீமேப் செய்தால் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டியை மறந்துவிடலாம். பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் பல கார்களில் தடயம் மிஞ்சும். முன்னால் இரும்பு கிராஷ் கார்டு போட்டால் இடியின் வேகம் சென்சாரை அடையும் விதம் மாறி, ஏர்பேக் தடுமாறலாம்; அதை மாட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அரசே மாநிலங்களுக்கு எழுதியது. பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள் இருக்கும் காருக்கு, தையல் பிரியாத முரட்டு சீட் கவர் கூடவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்காத மாற்றங்களுக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ என்று 2019 திருத்தம் சொல்கிறது. இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்தன்றுதான் பேசும்.

துவைதமும் அத்வைதமும் தோற்ற இடத்தில் ராமானுஜர்தானே வர வேண்டும்? அவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் தயாராவதைத் தற்செயல் என்று தள்ள இந்த ஆய்வாளனுக்கு மனம் வரவில்லை. பாகங்கள் உண்மையிலேயே வேறு வேறுதான், ஆனால் ஒரே உடலைச் சார்ந்தவை: கார் வாரண்டிக்கு விசிஷ்டாத்வைதமே பொருந்தும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையமும் ஏறத்தாழ இதையே சொன்னது. உதிரிபாக விற்பனை தொடர்பாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த அந்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக வாரண்டியை முழுசாக ரத்து செய்யக் கூடாது, அவர் செய்த வேலையால் கெட்டது எதுவோ அதற்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. அபராதம் மேல்முறையீடுகளுக்குப் போனது. உத்தரவு ரிப்பேரைப் பற்றியதுதான், ஹார்னைப் பற்றியது அல்ல. ஆனாலும் ஹார்னுக்கு வேறு தர்க்கம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவில் 1975-இல் வந்த மாக்னுசன்-மாஸ் சட்டத்தின் போக்கும் இதுதான்.

ஆகவே வாசகர்களே, அட்வைசர் கையை விரித்தால் வாயால் வாதம் செய்யாதீர்கள். எந்த மாற்றத்தால் எந்தப் பாகம் எப்படிக் கெட்டது என்று ஜாப் கார்டில் எழுதிக் கேளுங்கள். எழுதச் சொன்னதும் பல அத்வைதிகள் சற்று யோசிப்பார்கள். எழுதியே கொடுத்து, அதில் நியாயம் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.