பெஞ்சில் உட்கார்ந்தவர், கோச் ஆனார்

? பெரிய ஆட்டக்காரராக இருந்தவர்தானே பெரிய கோச் ஆக முடியும்?

ஸ்டீவ் கெர் என்று ஒருவர் இருக்கிறாரே! அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் 15 சீசன், 910 ஆட்டம். அதில் தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கியது வெறும் 30 முறை. மற்ற நாளெல்லாம் பெஞ்ச்தான். 1988-இல் புதுமுகத் தேர்வில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி அவரை எடுத்தபோது, அவருக்கு முன்னால் 49 பேர் எடுக்கப்பட்டிருந்தார்கள். அவர்தான் ஆட்டக்காரராக 5, கோச்சாக 4 என்று 9 சாம்பியன் பட்டம் வென்றிருக்கிறார்.

? அப்படியானால் அவரிடம் ஆட்டமே இல்லையா?

யார் சொன்னது? மூன்று புள்ளி ஷாட்டில் அவருடைய வாழ்நாள் சராசரி 45.4 சதவீதம். என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதுதான் முதலிடம்.

? மைக்கேல் ஜோர்டனிடம் குத்து வாங்கியது நிஜமா?

நிஜம். 1995-இல், சிகாகோ புல்ஸ் பயிற்சியின்போது. கண் கறுத்துப்போனது. கெர் சும்மா நிற்கவில்லை, எதிர்த்து நின்றார். ஜோர்டன் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். 1997 ஃபைனல்ஸ், யூட்டா அணியுடன் ஆறாவது ஆட்டம். 86-86 சமநிலை, மிச்சம் சில விநாடிகள். இரண்டு பேர் சூழ்ந்ததும் ஜோர்டன் பந்தை யாருக்குத் தள்ளினார் தெரியுமா? கெருக்கு. எறிந்தார், விழுந்தது. கோப்பை சிகாகோவுக்கு.

? அவருடைய அப்பா கொல்லப்பட்டாராமே?

ஆமாம். மால்கம் கெர், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர். 1984 ஜனவரியில், தம் அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்டீவ் பிறந்த ஊரும் அதே பெய்ரூட்தான். அப்போது 18 வயது, அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. இரண்டே நாளில் களத்தில் இறங்கி ஆடினார். நான்கு ஆண்டு கழித்து எதிரணி ரசிகர்கள் சிலர் அந்தச் சாவைச் சொல்லியே கேலி செய்தார்கள். கண்கலங்கி உட்கார்ந்தவர், எழுந்து போய் 22 புள்ளி எடுத்தார். அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்று அவர் இன்று உரக்கப் பேசும்போது, அந்தப் பதினெட்டு வயதுப் பையனையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

? ஓய்வு பெற்றதும் நேரே கோச்சா?

இல்லை. 2003-இல் ஓய்வு. பிறகு டிவி வர்ணனை, சன்ஸ் அணியின் பொது மேலாளர் வேலை, மறுபடி வர்ணனை. 2014-இல்தான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கோச்.

? அந்த அணியில் ஸ்டெஃப் கறி மாதிரி ஆட்டக்காரர் இருந்தால் யார் கோச்சாக இருந்தாலும் ஜெயிக்கலாமே?

கறி அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தார், கோப்பைதான் இல்லை. 2015 ஃபைனல்ஸைப் பாருங்கள். கிளீவ்லாந்து 2-1 என முன்னிலை. நிக் யூரென் என்ற இளம் உதவியாளர் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்து, நடுராத்திரியில் ஒரு யோசனை சொன்னார்: உயரமான போகட்டை உட்காரவையுங்கள், இகுவோடாலாவை முதலிலேயே இறக்குங்கள். அந்த சீசனில் அதுவரை ஒரு ஆட்டத்தில்கூட இகுவோடாலா தொடக்கத்தில் இறங்கியதில்லை! கெர் துணிந்து இறக்கினார். நான்காவது ஆட்டம் 103-82. தொடரும் கைக்கு வந்தது. ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுவோடாலாவுக்கே. ஆட்டம் முடிந்ததும் நிருபர்களிடம் கெர், யோசனை யூரெனுடையது என்று பெயரைச் சொல்லிவிட்டார். தனதென்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கோப்பைகளைவிட அவரிடம் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

? தோற்றதே இல்லையா?

2016-இல் 73 வெற்றி, 9 தோல்வி என்று சாதனை படைத்துவிட்டு, ஃபைனல்ஸில் 3-1 என முன்னால் இருந்தும் கோட்டைவிட்டார்கள். அந்த 73-இல் முதல் 39, முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் கெர் ஓய்வில் இருக்க, உதவி கோச் லூக் வால்டன் நடத்தியவை. கணக்கில் மட்டும் கெர் பெயரில் ஏறின. வால்டனுக்கு அது அநியாயம்தான்.

? என் மகன் பள்ளி கூடைப்பந்து அணியில் இருக்கிறான். ஆனால் எப்போதும் பெஞ்ச்தான். நிறுத்திவிடட்டுமா?

வேண்டவே வேண்டாம். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் “எத்தனை புள்ளி எடுத்தாய்?” என்று கேட்காதீர்கள். “எதிரணி எப்படி ஆடியது, நீ கோச்சாக இருந்தால் யாரை மாற்றியிருப்பாய்?” என்று கேளுங்கள். அவன் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, நாளைக்கும் பயிற்சிக்கு அனுப்பிவையுங்கள்.